பாஸ்வேர்டு கேட்கும் திரை எதைக் காக்கிறது?

பெரியப்பா காலமாகி இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மா அவருடைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. உள்ளே பேத்தியின் காதுகுத்துப் படங்கள். லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பினேன். விண்டோஸின் லாகின் திரை வரவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் பெரியப்பாவின் பெயரில் ஃபோல்டர். அதற்குள் எல்லாப் படங்களும். கால் மணி நேரத்தில் நகலெடுத்துக் கொடுத்தேன். பெரியம்மா அழுதுவிட்டார். அதே ஃபோல்டரில் ஆதார், பான் அட்டை ஸ்கேன்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டுகள். எனக்குத் திறந்த டிஸ்க் திருடனுக்கும் திறக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு என்றதும் நாம் அந்தத் திரையைத்தான் பலப்படுத்தப் பார்க்கிறோம். பாஸ்வேர்டை நீளமாக்குகிறோம், மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். அந்த உழைப்பு சரியான இடத்தில் செலவாகிறதா என்பதே என் கேள்வி.

விண்டோஸ் 98 காலத்தில் பாஸ்வேர்டுப் பெட்டியில் எஸ்கேப் பட்டனைத் தட்டினாலே உள்ளே போய்விடலாம். காவலுக்கென்று உருவான திரை 1993இல் வந்த விண்டோஸ் என்டியுடையது. அதில் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் லாகின் வரும். அந்த மூன்று விசைகளின் கூட்டைச் சாதாரண புரோகிராம் எதுவும் இடைமறிக்க முடியாது. நேரே விண்டோஸுக்கே போய்ச் சேரும். எனவே, லாகின் திரை போலவே வேடமிட்டுப் பாஸ்வேர்டைப் பறிக்கும் புரோகிராம் அங்கேயே அம்பலமாகும். இன்றைய விண்டோஸிலும் இந்த வசதி உண்டு. நாமாகத்தான் இயக்க வேண்டும். பலர் பகிரும் கல்லூரி லேபுக்கும் அலுவலகத்துக்கும் இது அருமையான ஏற்பாடு. நான்கு பேர் இருக்கும் வீட்டில் போலித் திரை வைத்துக் காத்திருப்பவர் யார்? இயக்கினால் கேடில்லை, ஆனால் இதைச் செய்துவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்புவதுதான் கேடு.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக விண்டோஸில் வைக்கக்கூடிய பின் எண்ணை நிறையப் பேர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நான்கே இலக்கம், பாஸ்வேர்டைவிட எப்படி உசத்தி என்று கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டால், உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் மெயிலைத் திறக்க முயலலாம். பின் எண் அந்த ஒரு கம்ப்யூட்டரோடு முடிந்துபோகும். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இருந்தால், தவறாகப் போட்டுக்கொண்டே இருப்பவரை அது தடுத்து நிறுத்தும். ஆறு இலக்கப் பின் ஒரு வீட்டுக்குப் போதும். பிறந்த தேதியை மட்டும் வைக்காதீர்கள்.

இத்தனையும் பெரியப்பாவின் லேப்டாப்பில் இருந்திருந்தாலும் என் பென் டிரைவைத் தடுத்திருக்காது. நம்பகமாகத் தடுக்கக்கூடியது டிஸ்க் குறியாக்கம்தான்; அதாவது, சாவியில்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கில் உள்ளதை மாற்றி வைப்பது. அது இயங்கும்போது, விண்டோஸ் முறைப்படி கிளம்பினால் மட்டுமே டிபிஎம் சாவியைத் தரும். வேறு வழியில் கிளப்பினாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டினாலும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். அப்போதுதான் லாகின் திரையைச் சுற்றிச் செல்லும் வழி அடைபடுகிறது. அதுவரை சுவரில்லாத வீட்டுக்கு வைத்த கதவு அது.

விண்டோஸின் ஹோம் பதிப்பில் ஒரு சிக்கல் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிபிஎம் திறக்க மறுக்கும்போது டிஸ்க்கைத் திறக்க உதவும் மீட்புச் சாவி அங்கே சேமிக்கப்பட்ட பிறகே குறியாக்கம் முழுமையாகக் காவலுக்கு வரும். அந்தரங்கம் கருதி லோக்கல் கணக்கே போதும் என்றிருப்பவரின் டிஸ்க், அவரறியாமல் திறந்தே கிடக்கக்கூடும். சாவியின் நகல் ஒரு நிறுவனத்திடம் இருப்பது எனக்கும் உவப்பில்லை. ஆனாலும் சராசரி வீட்டின் ஆபத்து ரயிலில் தொலையும் லேப்டாப்பும் சர்வீஸுக்குப் போய்த் திரும்பும் லேப்டாப்பும்தான். அதற்கு இந்த விலை தகும்.

இன்னொரு விலை இதைவிடப் பெரியது. அன்று குறியாக்கம் இருந்து, சாவி யார் கையிலும் இல்லாமல் போயிருந்தால், காதுகுத்துப் படங்கள் பெரியப்பாவோடே போயிருக்கும். இதை நான் எளிதாக ஒதுக்கவில்லை; இருந்தும் என் தீர்ப்பு குறியாக்கத்துக்கே. படங்களுக்கு இன்னொரு டிஸ்க்கில் நகல் வைத்துக்கொள்ளலாம். வெளியே போன ஆதார் ஸ்கேனைத் திரும்ப உள்ளே இழுக்க முடியாது. எனவே முதலில் குறியாக்கம், பிறகு பின் எண், பிறகு பிள்ளைகளுக்கு அட்மின் உரிமையில்லாத தனிக் கணக்கு. மூன்று விசை லாகின் விருப்பம்போல.

பெரியம்மாவின் புது லேப்டாப்பில் அப்படித்தான் செய்து கொடுத்தேன். மீட்புச் சாவியின் 48 இலக்கங்களை அவரே தன் கையால் ஒரு தாளில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். அது எங்கே இருக்கிறதென்று மகளிடமும் சொல்லியிருக்கிறார்.