சாகாத மனிதரும் பெயரில்லாச் சாட்சிகளும்: வேதாளரின் மூன்று திரைவடிவங்கள்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிள்ளைப் பருவத்தைக் கழித்த நம்மவருள் பலருக்கு வேதாளர் அறிமுகமானது திரையரங்கில் அன்று, வாடகைப் புத்தகக் கடையில்தான். சில காசுகளைக் கொடுத்து, அட்டை கிழிந்த படக்கதைப் புத்தகத்தை வாங்கிவந்து, மாலைக்குள் திருப்பித் தரவேண்டுமே என்ற பதற்றத்தோடு வாசித்தோம். இருபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் வாழ்ந்த நமக்கு, அவருடைய மண்டையோட்டுக் குகை மேகமலைக் காட்டுக்குள் எங்கோ இருப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் 1964 முதல் 1990 வரை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ் தமிழிலும் வந்தது. பின்னாளில் ராணி காமிக்ஸ் அவரை 'முகமூடி வீரர் மாயாவி' ஆக்கியது. சிவகாசி வெளியீடுகளில் அவர் 'வேதாளர்'. இக்கட்டுரையில் நாம் அப்பெயரையே கையாள்கிறோம்.

அன்று வாசித்த அந்த வீரரைத் திரையில் மூன்று காலங்களில் மூவர் ஏற்று நடித்துள்ளனர். 1943ஆம் ஆண்டின் கொலம்பியா தொடர்படம், 1996ஆம் ஆண்டின் பாரமவுண்ட் படம், 2009ஆம் ஆண்டின் தொலைக்காட்சிக் குறுந்தொடர் ஆகிய இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம். நடிப்பு, உடை, சண்டைக் காட்சி ஆகியவற்றை அளந்து மதிப்பெண் இடுவதைவிட, மூலக்கதையின் உயிர்நிலையை இவை எவ்வாறு கையாண்டன என்று வினவுவதே பயனுடையது எனக் கருதுகிறோம்.

அந்த உயிர்நிலை யாது? அமெரிக்கரான லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17ஆம் நாள் இக்கதையை நாளிதழ்ப் படத்தொடராகத் தொடங்கினார். பதினாறாம் நூற்றாண்டில் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகின்றனர். உயிர் தப்பிக் கரையொதுங்கும் இளைஞன் ஒருவனைக் காட்டு மக்கள் காக்கின்றனர். தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது அவன் சூளுரைக்கிறான்: தானும் தன் வழித்தோன்றல்களும் கொள்ளையையும் கொடுமையையும் எதிர்த்துப் போராடுவர் என்று. தந்தை மறைந்ததும் மகன் அதே முகமூடியை அணிகிறான். இவ்வாறு இருபத்தொரு தலைமுறைகள். உலகமோ நானூறு ஆண்டுகளாக ஒரே மனிதர் சாகாமல் உலவுவதாக நம்புகிறது. பிற வீரர்களுக்குப் பறக்கும் ஆற்றலோ இரும்பு உடலோ உண்டு. வேதாளருக்கு அத்தகைய ஆற்றல் ஏதுமில்லை. அவருடைய ஒரே வல்லமை, அவரைப் பற்றிய செவிவழிச் செய்திதான்.

நம் மரபறிந்த வாசகர்க்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வரக்கூடும்: இஸ்னாத், அதாவது அறிவிப்பாளர் தொடர். ஒரு செய்தி நம்மை வந்தடைய வேண்டுமாயின் இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று ஒவ்வொரு கண்ணியும் பெயரோடு நிற்க வேண்டும் என்பது ஹதீஸ் கலையின் அடிப்படை. வேதாளரின் தொடர் இதற்கு நேர்மாறானது. இருபத்தொரு கண்ணிகள் உண்டு. ஆயினும் அவற்றின் பெயர்களை மறைத்து, எல்லாவற்றையும் ஒரே மனிதராகக் காட்டினால்தான் செய்தி வாழும். குகைக்குள் ஒவ்வொருவரும் தத்தம் வரலாற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கின்றனர். வெளியிலோ அக்குறிப்பேடு இல்லாததாகவே நடக்க வேண்டும். இந்த முரண்தான் கதையின் ஆழம். மூன்று திரைவடிவங்களும் இத்தொடரை எவ்வாறு நடத்துகின்றன என்பதைக் கொண்டே அவற்றை மதிப்பிடலாம்.

1943ஆம் ஆண்டுத் தொடர் பதினைந்து பாகங்களாகத் திரையரங்குகளில் ஓடியது. பி. ரீவ்ஸ் ஈசன் இயக்க, டாம் டைலர் நடித்தார். தொடக்கத்திலேயே முந்தைய வேதாளர் கொல்லப்பட, மகன் பொறுப்பேற்கிறான். மறைந்த நகரம் ஒன்றின் புதையலைத் தேடும் ஆராய்ச்சியாளர் ஒருபுறம், காட்டுக்குள் இரகசிய விமானத் தளம் அமைக்க முயலும் பகைவர் மறுபுறம். உலகப் போர்க்காலப் படம் என்பது வெளிப்படை. கையாலேயே காரியம் முடிக்கும் வேகமும், டைலரின் கம்பீரமும் இன்றும் சலிப்பூட்டுவதில்லை. ஆயின் தலைமுறைத் தொடர் இங்கு கதையைத் தொடங்கிவைக்கும் ஓர் ஏற்பாடாக மட்டுமே பயன்படுகிறது. காட்டு மக்கள் நம்பவும் அஞ்சவும் மட்டுமே படைக்கப்பட்டவர்கள். அவர்கள் ஏன் நம்புகிறார்கள் என்று படம் கேட்பதேயில்லை. இதன் பின்கதை இன்னும் சுவையானது. 1955இல் அதே நிறுவனம் அடுத்த தொடரை எடுத்தபோது வேதாளரின் உரிமை கையிலில்லை. எனவே வீரரின் பெயரையும் உடையையும் மாற்றி, 'கேப்டன் ஆப்பிரிக்கா' என்று பெயரிட்டு, பழைய தொடரின் காட்சிகளையும் கோத்து வெளியிட்டனர். வீரர் மாறிவிட்டார், காடும் காட்டு மக்களும் அப்படியே இருந்தனர். அவர்கள் எந்த வீரருக்கும் பொருந்தும் பின்திரையாகவே கருதப்பட்டனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

1996ஆம் ஆண்டுப் படத்தை ஆஸ்திரேலியரான சைமன் வின்சர் இயக்கினார். பில்லி ஸேன் வேதாளர். 1938இல் நிகழும் கதை. மூன்று மாய மண்டையோடுகளை ஒன்றுசேர்த்து உலகை ஆள முனையும் நியூயார்க் செல்வந்தனைத் தடுப்பதே செயல். வசூலில் இப்படம் தோற்றது. எனினும் மூன்றனுள் மூலத்தின் உயிரை உணர்ந்தது இதுவே என்பது நம் துணிபு. ஏனெனில் தலைமுறைத் தொடரை இது கதையின் நடுவில் வைக்கிறது. மறைந்த தந்தை மகனின் கண்ணுக்கு மட்டும் தோன்றி அறிவுரை கூறுகிறார். அத்தந்தையைக் கொன்ற குவில் என்பவன், தான் கொன்ற மனிதரே மீண்டும் எதிரில் நிற்பதைக் கண்டு குழம்புகிறான். பொய்யான ஒரு நம்பிக்கை கொலைகாரனையே தடுமாற வைக்கும் அக்கணத்தில், வேதாளரின் வல்லமை எத்தகையது என்பது பார்வையாளர்க்கு விளங்கிவிடுகிறது. தொங்குபாலத்தில் சரிந்துகொண்டிருக்கும் லாரியிலிருந்து உள்ளூர்ச் சிறுவனை மீட்கும் தொடக்கக் காட்சியில் வீரம் கருணையிலிருந்து பிறக்கிறது. ஸேனின் முகத்தில் தற்பெருமை இல்லை.

ஆயினும் இப்படத்திற்கும் ஒரு தப்பித்தல் உண்டு. வெள்ளையர் ஒருவர் ஏன் தலைமுறை தலைமுறையாக இக்காட்டின் காவலராக இருக்க வேண்டும் என்ற வினா எழாதிருக்கவே கதையை 1938க்கு நகர்த்தினரோ என்று ஐயுற இடமுண்டு. காட்டுக் காவல் படையின் தலைவர் ஆங்கில அதிகாரி. அது அக்கால இயல்பு என்று கடந்துவிடலாம். ஆனால் லீ ஃபாக் தாமே அந்த இடத்தில் நிற்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற அறுபதுகளில் அவர் தம் கற்பனை நாட்டுக்கும் விடுதலை அளித்து, லமாண்டா லுவாகா என்னும் கறுப்பின மருத்துவரை அதன் குடியரசுத் தலைவராக்கினார். படக்கதை நடந்து கடந்த தூரத்தைத் திரைப்படம் பின்னோக்கி நடந்தது எனலாம்.

2009ஆம் ஆண்டுக் குறுந்தொடரைப் பாவ்லோ பார்ஸ்மன் இயக்கினார். ரயன் கார்ன்ஸ் இருபத்திரண்டாம் வேதாளர். நியூயார்க்கில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளரும் இளைஞன், தன் பிறப்பின் உண்மையை வாலிபத்தில்தான் அறிகிறான். மரபு உடையை மறுத்து, உடல் வலிமையைப் பெருக்கும் நவீனக் கவசம் ஒன்றை அணிகிறான். எதிரிகளோ தொலைக்காட்சி வழியே மக்கள் மனத்தை வசப்படுத்திக் கொலை செய்யவைக்கச் சதி செய்கின்றனர். பழைய வினாவிலிருந்து விடுபட இத்தொடர் கண்ட வழி எளிது: பழங்குடியினரின் இடத்தில் கணினிகளும் பயிற்சி பெற்ற அமைப்பும். அவமதிப்பு நீங்கிற்று, உண்மைதான். ஆனால் அவமதிக்கப்பட்டவர்களும் சேர்ந்தே நீங்கினர். கவசம் வலிமை தருமாயின் செவிவழிச் செய்திக்கு வேலையில்லை. தொடர் அறுந்தபின் எஞ்சுவது எண்ணற்ற கவச வீரர்களுள் இன்னொருவர்.

ஆக, முதலாவது தொடரை ஏற்பாடாக்கியது, இரண்டாவது அதை உணர்ச்சியாக்கியது, மூன்றாவது அதை அறுத்தது. மூன்றுமே காணத் தவறிய மற்றொரு தொடர் உண்டு. வேதாளர் சாகக்கூடியவர் என்ற உண்மையை அறிந்தவர்கள் அவரைக் காத்த பந்தர் இன மக்கள். நானூறு ஆண்டுகளாகத் தாயும் தந்தையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காத்த இரகசியம் அது. அவர்களில் ஒருவர் வாய் திறந்திருந்தால் வேதாளர் என்றோ முடிந்திருப்பார். உண்மையான வீரம் யாருடையது? உர்து அறிந்தோர் 'பந்தர்' என்ற சொல்லின் பொருளை உடனே உணர்வர்: குரங்கு. தம் வீரரைக் காத்த மக்களுக்கு மூல ஆசிரியர் இட்ட பெயர் இது. இந்திரஜால் பதிப்பாளர்கள் நாட்டின் பெயரை 'டெங்காலி' என்றும் கொள்ளையரின் 'சிங்' என்ற பெயரை 'சிங்கா' என்றும் திருத்தினர். நம் நாட்டு மாகாணத்தையும் சமூகத்தையும் நினைத்துச் செய்த திருத்தமாகலாம். பந்தர் என்ற பெயரைத் திருத்தத் தோன்றவில்லை.

இதை நாம் தொலைதூரக் கற்பனையாக மட்டும் வாசிக்க இயலாது. நம் பள்ளத்தாக்கிலும் வெள்ளையர் ஒருவரைப் பற்றிய செவிவழிச் செய்தி உலவுகிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் இங்கு ஊர்கள் பொங்கல் வைக்கின்றன. 2013இல் லோயர் கேம்ப்பில் அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. 1895இல் முடிந்த அந்த அணையால் இருபோகம் கண்ட மக்கள் அவரைப் போற்றுவது முறையே. மனிதர்க்கு நன்றி செலுத்துவதை நம் மார்க்கமும் வலியுறுத்துகிறது. ஆயின் நன்றியோடு ஒரு கதையும் சேர்ந்து வளர்ந்துள்ளது: அரசு கைவிட்டபோது அவர் தம் மனைவியின் நகைகளையும் இங்கிலாந்துச் சொத்தையும் விற்றே அணையைக் கட்டினார் என்று. இதற்கு அறிவிப்பாளர் தொடர் எங்கே என்று கேட்டால் விடையில்லை. சென்னை மாகாண அரசு தன் செலவில், தன் பொதுப்பணித் துறையைக் கொண்டு கட்டிய அணை அது. மேற்கே பாயும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணமும் பழையது. 1789இலேயே இராமநாதபுரம் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய ஆட்களை மலைக்கு அனுப்பியதாக வரலாறு கூறுகிறது. காய்ச்சலாலும் காலராவாலும் மாண்ட தொழிலாளர் பலர். அணைக்கருகே கல்லறைகள் உள்ளன. பெயர்கள்தாம் இல்லை.

பென்னிகுவிக்கின் பெருமையைக் குறைப்பது நம் கருத்தன்று. சொத்தை விற்றார் என்ற கதை இல்லாமலேயே அவர் பெரியவர். வெள்ளம் அடித்துச் சென்ற பணியை மீண்டும் மீண்டும் தொடங்கி முடித்தவர். கதையைச் சேர்க்கும்போதுதான், அவரோடு கல் சுமந்தவர்கள் நினைவிலிருந்து மறைகின்றனர். வேதாளர் படங்களில் நாம் கண்டதும் இதுவே: ஒருவரைச் சாகாதவராக்கச் செத்தவர்கள் பலரை மறக்கவேண்டியிருக்கிறது.

நான்காவது திரைவடிவம் ஒன்று வருமாயின், அதில் குகையின் குறிப்பேட்டை வேதாளர் எழுத வேண்டாம். காட்டு மக்களின் மூத்தவரான குரான், தம் பேரனை அருகிலிருத்தி, முதல் இளைஞன் கரையொதுங்கிய நாளிலிருந்து இன்றுவரை அவனைக் காத்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லட்டும். நம் பள்ளத்தாக்கின் பள்ளிப் பிள்ளைகளை அணைக்கு அழைத்துச் செல்வோரும் மணிமண்டபத்தோடு நின்றுவிடாமல், அந்தக் கல்லறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வார்களாயின், வாடகைப் புத்தகக் கடையில் நாம் கற்காமல் விட்ட பாடத்தை அவர்களேனும் கற்பர்.