ரயிலில் மாறிய முகங்கள்: வான்கோ, கோகன், பெர்னார் ஓவியப் பரிமாற்றம்

1888 அக்டோபர் 23ஆம் நாள், பொழுது விடியும் முன்பே பால் கோகன் தென் பிரான்சிலுள்ள ஆர்ல் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். அந்நேரத்தில் வான்கோவை எழுப்ப விரும்பாமல், இரவு முழுவதும் திறந்திருக்கும் ஒரு காபிக் கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் பார்த்த உடனேயே, வான்கோவின் நண்பர் இவர்தான் என்று கண்டுகொண்டார். கோகன் இதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருடைய தன்னுருவ ஓவியம் அம்மாதத் தொடக்கத்திலேயே ஆர்லுக்கு வந்துவிட்டது. வான்கோ அதைக் கடைக்காரரிடம் காட்டி வைத்திருந்தார். ஆள் வரும் முன்பே முகம் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த ஓவியப் பரிமாற்றம் வான்கோவின் யோசனை. ஜப்பானிய ஓவியர்கள் தங்களுக்குள் படங்களை மாற்றிக்கொள்வார்கள் என்று அவர் நம்பினார். உண்மையில் அவர் சேகரித்த மரச்செதுக்கு அச்சுப்படங்கள் பெரும்பாலும் பதிப்பாளர் பணம் போட்டு, செதுக்குபவரையும் அச்சடிப்பவரையும் வைத்து விற்பனைக்காகத் தயாரித்தவை. அந்தப் படங்களிலிருந்தும் பியர் லோட்டியின் நாவலிலிருந்தும் அவர் கற்பனை செய்துகொண்ட ஜப்பான் அது. ஆனால் அந்தக் கற்பனையிலிருந்துதான் நான்கு நல்ல ஓவியங்கள் பிறந்தன.

பிரிட்டனிப் பகுதியின் போன்டாவென் ஊரில் தங்கியிருந்த கோகனும் எமில் பெர்னாரும் ஒருவரை ஒருவர் வரைந்து அனுப்ப வேண்டும் என்பது வான்கோவின் கோரிக்கை. கோகனை வரைய இளைஞரான பெர்னாருக்குத் துணிவு வரவில்லை. ஆகவே இருவரும் தங்களையே வரைந்து, பின்சுவரில் மற்றவரின் சிறு உருவத்தைச் சேர்த்துவிட்டார்கள். பின்னர் சார்ல் லாவாலும் தன்னுருவம் ஒன்றை அனுப்பினார்.

கோகன் தம்மை ழான் வால்ழானாக வரைந்தார். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கிய விக்டர் ஹியூகோ நாவலின் நாயகன் அவன். சமூகம் துரத்தும் குற்றவாளி, உள்ளே உயர்ந்த மனம். சிவந்து கடுத்த முகம், ஓரக்கண் பார்வை. அதற்குப் பின்னால் பூப்போட்ட மஞ்சள் சுவர்த்தாள். அந்தப் பூக்கள் கலைஞனின் தூய்மையைக் குறிப்பதாகக் கோகனே கடிதத்தில் விளக்கினார். வான்கோவோ படத்தில் மகிழ்ச்சியின் சாயல்கூட இல்லை என்று வருந்தினார். நண்பர் நோயுற்றிருக்கிறார், இங்கு வந்தால் தேறிவிடுவார் என்று எண்ணினார். கோகன் போட்டுக்கொண்ட வேடத்தை அவர் உடல்நலக் குறிப்பாகப் படித்துவிட்டார். பெர்னாரின் எளிய படத்தைத்தான் மானேயோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார்.

வான்கோ பதிலுக்கு அனுப்பியது முற்றிலும் வேறு வகை. மழித்தது போன்ற தலை, வெளிர்பச்சைப் பின்னணி, சற்றே சாய்த்து வரைந்த கண்கள். புத்தரை வணங்கும் எளிய துறவியாகத் தம்மை வரைந்ததாக அவர் எழுதினார். தலையைச் சுற்றி வட்டமாக ஓடும் தூரிகைத் தீற்றல்கள் ஒளிவட்டம் போலவே தெரிகின்றன. கோகனுடையதில் உலகத்தின்மேல் குற்றச்சாட்டு இருக்கிறது. வான்கோவுடையதில் மடத்தில் சேரும் விருப்பம் இருக்கிறது. மடத்தையும் அவர் தேடி வைத்திருந்தார்: ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த மஞ்சள் வீடு. அவ்வீட்டை வரைந்த ஓவியத்தின் பின்புறம், பாலத்தின்மேல் புகைவிட்டபடி ஒரு ரயில் போவதைக் காணலாம். (அவர் பலமுறை வரைந்த 'தபால்காரர்' ரூலன்கூட வீடுவீடாகக் கடிதம் கொடுத்தவர் அல்லர், ஆர்ல் ரயில் நிலையத்தில் தபால் மூட்டைகளைக் கவனித்தவர்.)

இக்கதையை நட்பின் கதையாக மட்டும் சொல்பவர்கள் இன்னொரு பரிமாற்றத்தை விட்டுவிடுகிறார்கள். வான்கோவின் தம்பியும் ஓவிய வணிகருமான தியோ, மாதம் 150 பிராங்கு தருவதாகவும் கோகன் அதற்கு மாதம் ஒரு படம் கொடுக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்திருந்தார். விடுதிக் கடனில் சிக்கியிருந்த கோகன் அதனால்தான் ரயில் ஏற முடிந்தது. ஐந்து பிள்ளைகளின் தகப்பனுக்குப் படம் என்பது பணமும்கூட. தியோவின் பணத்தில் வாழ்ந்த வான்கோ, அந்தப் பணத்தை மறக்கக்கூடிய ஓர் இடத்தைப் பரிமாற்றத்தில் தேடினார் என்று தோன்றுகிறது. கோகனுக்கு அந்த வசதி இல்லை. முன்பு பாரிசில் தம் மார்த்தினிக் ஓவியம் ஒன்றுக்கு ஈடாகப் பெற்ற இரண்டு சூரியகாந்திப் படங்களை அவர் கட்டிலுக்கு மேலே மாட்டி வைத்திருந்தார். 1890களின் நடுவில் விற்றுவிட்டார். இதைத் துரோகம் என்பது எளிது, ஆனால் நியாயமில்லை.

இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஒன்பது வாரம். டிசம்பர் 23 இரவு வான்கோ தம் காதை அறுத்துக்கொண்டார்; செய்தி கேட்டு ரயிலில் விரைந்து வந்த தியோவும் கோகனும் பாரிசுக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை. அடுத்த மாதமே கோகன் மஞ்சள் பின்னணிச் சூரியகாந்தியைக் கேட்டார். வான்கோ முதலில் கோபப்பட்டார், பிறகு அதையே மீண்டும் வரைந்தார்.

ஆர்லுக்கு வந்த மூன்று தன்னுருவங்களும் வான்கோ குடும்பத்திடமே தங்கி, இன்று ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துறவியின் முகம்தான் ஊர் ஊராக அலைந்தது. கோகனிடமிருந்து கைமாறி மியூனிக் அருங்காட்சியகத்தை அடைந்தது. நாஜிகள் அதைச் 'சீரழிந்த கலை' என்று பறித்து, 1939இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் ஏலம் விட்டார்கள். அதை வாங்கிய அமெரிக்கர் மாரிஸ் வெர்தைம் வழியாக 1951இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தது. படத்தின் மேற்பகுதியில் கோகனின் பெயரிட்டு வான்கோ எழுதிய அன்பளிப்பு வரி இப்போது ஏறக்குறைய அழிந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் சில எழுத்துகளின் தடம் மட்டும் தெரியும்.