கமீலின் முகம்

ஓவியரின் மனைவியை அவருடைய கலையின் ஊற்றுக்கண் என்று ஒரு வரியில் வாழ்த்திவிட்டு அப்பால் செல்வது திறனாய்வாளர் பலரின் வழக்கம். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேயின் மனைவி கமீல் டான்சியூவுக்கும் அந்த வாழ்த்தே கிடைத்திருக்கிறது. ஆயினும் அப்படங்களில் கமீல் என்னும் பெண்ணை நாம் எவ்வளவு காண்கிறோம்?

1866-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் மோனேக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘பச்சை ஆடைப் பெண்’. அப்போது கமீலுக்கு வயது 19. அதில் நம் கண்ணை நிறுத்துவது தரையில் புரளும் பட்டின் மடிப்புகளே. 1875-இல் தீட்டிய ‘குடை பிடித்த பெண்’ணில் முகத்திரை காற்றில் அலைகிறது, மேகமும் புல்லும் வெளிச்சமுமே படம். மறு ஆண்டில், கருங்கூந்தலுடைய கமீலுக்குப் பொன்னிறப் பொய்முடி சூட்டி, சிவப்புக் கிமோனோ அணிவித்து நிறுத்தினார். ஆடைக்காகவே ஆளை அமர்த்தியது போன்ற அப்படம் நமக்கு உவப்பாயில்லை.

பின்னர் வந்தது வெத்தேய் என்னும் சிற்றூர் வாழ்க்கை. கடன், குளிர், இரண்டாம் மகன் பிறந்தபின் மீளாத நோய். 1870-இல் அவர்கள் செய்துகொண்டது அரசுப் பதிவுத் திருமணமே. 1879 ஆகஸ்டு 31 அன்று குருவானவர் வந்து அத்திருமணத்தைத் திருச்சபை முறைப்படி சீர்செய்து, இறுதி அருட்சாதனங்களையும் வழங்கினார். செப்டம்பர் 5 அன்று கமீல் இறந்தார், வயது 32.

அன்றே மோனே பாரிசிலிருந்த நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறார்: அடகுக்கடையில் கிடக்கும் கமீலின் பதக்கத்தை மீட்டு அனுப்ப வேண்டும், அடக்கத்துக்குமுன் அதை அவர் கழுத்தில் அணிவிக்க வேண்டும். அதே கை தூரிகையையும் எடுத்தது. அன்பு மனைவியின் நெற்றியில் நீலமும் மஞ்சளும் சாம்பலும் படிவதைத் தம் கண் தானாகவே அளந்துகொண்டிருந்ததாகவும், செக்குமாடு போல் அப்பழக்கத்திலேயே தாம் சுழல்வதாகவும் பிற்காலத்தில் நண்பர் கிளெமென்சோவிடம் அவர் அஞ்சிச் சொன்னார். இதனைக் கல்நெஞ்சம் என்று கூறுவாருளர். நாம் அவ்வாறு கூறோம். தன் பிள்ளைக்குத் தானே சவப்பெட்டி செய்ய நேர்ந்த தச்சனின் கையும் அளவு தவறாது.

இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள அப்படத்தில் ஆடை இல்லை, தோட்டம் இல்லை. பனித்திரை போன்ற வண்ணக் கீற்றுகளுக்கு நடுவே, சற்றே திறந்த வாயுடன் ஒரு முகம். பதின்மூன்று ஆண்டுகளில் அவர் அம்முகத்தை வேறெதையும் பாராமல் பார்த்தது அப்போதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பார்க்கப்பட்டவருக்கோ அது தெரியாது. வறுமையிலும் மோனே அப்படத்தை விற்கவில்லை. 1926-இல் தாம் இறக்கும்வரை தம்மிடமே வைத்திருந்தார்.