தொன்மையும் தொடர்ச்சியும்: கொசத்தலையாற்றுப் படுகைத் தொல்லியல் எழுத்துகள் குறித்து ஒரு மதிப்பீடு

1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக்கல் குழியொன்றில் இராபர்ட் புரூசு பூட் கண்டெடுத்த கற்கருவி இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். சாந்தி பப்பு, குமார் அகிலேசு ஆகியோரின் அகழாய்வு, அங்குள்ள அச்சூலியன் கருவிகளின் காலத்தை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கொண்டு சென்றது (2011). இடைப் பழங்கற்காலக் கூறுகள் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்பது 2018இல் வெளியான முடிவு.

இம்முடிவுகளைத் தமிழில் எடுத்தாளும் எழுத்துகள் பலவும் இவ்வெண்களைத் 'தமிழர் தொன்மை' என்னும் தலைப்பின்கீழ் அடக்கிவிடுகின்றன. இங்குதான் சிக்கல் எழுகிறது. இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எச்சங்களாகக் கருதப்படும் மொராக்கோவின் செபல் இர்கூத் எலும்புகளே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுப் பழைமையுடையன. ஆகவே, அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகளைச் செய்தோர் நம் இனத்திற்கும் முற்பட்ட மாந்தர் எனக் கொள்வதே பொருந்தும். அவர்களுக்கு மொழிப்பெயரோ நாட்டுப்பெயரோ சூட்ட மண்ணடுக்கு இடந்தராது.

பட்டறைப்பெரும்புதூர் இன்னும் நுட்பமான சான்று. 2015-16இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில் கற்காலம் முதல் வரலாற்றுக் காலம் வரையிலான தடயங்கள் ஓரிடத்தில் கிடைத்தன. இதனை 'அறுபடாத தொடர்ச்சி' எனல் அவசர முடிவு. ஓரிடம் மீண்டும் மீண்டும் வாழிடமானதற்கு ஆறும் கல்லும் போதிய காரணங்கள். அடுக்குகளின் தொடர்ச்சி வேறு, மக்களின் தொடர்ச்சி வேறு. பின்னதை நிறுவ, அடுக்குகளுக்கு இடைப்பட்ட கால வெற்றிடங்கள் முதலில் அளக்கப்பட வேண்டும்.

மறுமுனையில், அண்மைக் காலம் இவ்வெழுத்துகளில் இடம்பெறுவதே இல்லை. சோசலிச பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்ற 1955ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாடு நடந்தது ஆவடியில். அடுத்த பத்தாண்டுகளில் அங்குக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஒரு நாடு தன்னை எவ்வாறு கட்டமைக்க விழைந்தது என்பதற்கு இக்கொட்டகைகளும் குடியிருப்புகளும் பொருட்சான்றுகள். ஆயினும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தொன்மைச் சின்னத்திற்கு நூறாண்டு வரம்பு விதிக்கிறது. ஆய்வாளர் பலர் அச்சட்ட வரம்பையே அறிவின் வரம்பாகவும் கொண்டுவிட்டனர். பல்லாவரக் கருவியோ பிரித்தானியர் தம் தேவைக்குத் தோண்டிய குழியில் கிடைத்தது. அக்குழியும் தொல்லியல் ஆவணமே. பூட்டின் கண்டுபிடிப்பைப் பேசும் கட்டுரைகள் கருவியை அளந்து வரைகின்றன. குழி யாருக்காக, எதற்காக வெட்டப்பட்டது என்னும் வினாவை எழுப்புவதில்லை.