கூறும் கூட்டும்

ஒரு மொழியின் வளத்தை அளக்க முற்படும் நம் விமரிசகர்கள் கவிதையையும் கதையையும் நிறுத்துப் பார்ப்பதோடு அமைதி அடைந்துவிடுகின்றனர். மனித உடலையும் அதன் நோயையும் நோய்க்குரிய மருந்தையும் அம்மொழி எவ்வளவு தெளிவாகப் பேசவல்லது என்ற வினா அவர்களுக்கு எழுவதில்லை. உழைக்கும் மக்களின் உயிரோடு தொடர்புடைய வினா அதுவேயாகும்.

ஆனையிறவை அண்டிய பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். அண்மையில் உயிரியல் ஆசிரியரைத் தேடி அவரது வகுப்பிற்குச் சென்றபோது மேசைமீது தேரையொன்று மல்லாத்திக் குத்தப்பட்டிருந்தது. உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள் கத்தியைத் தொட மறுத்து நின்றாள். "பாவம், சேர்" என்றாள். பின்வாங்கில் இருந்த மாணவன், "படத்தைப் பார்த்துப் பாடமாக்கினால் புள்ளி வரும், சேர். உதை ஏன் வெட்டுவான்?" என்றான். சற்று நேரத்தின் பின் அந்தப் பெண்ணே இன்னொன்றும் கேட்டாள்: "இவ்வளவையும் தமிழில படிச்சிட்டுக் கம்பசுக்குப் போனால், அங்க எல்லாம் இங்கிலிசிலதானே, சேர்?"

இரக்கம், புள்ளி, மொழி என்னும் இம்மூன்று வினாக்களுக்கும் உயிரியல் ஆசிரியர் மட்டும் விடை சொல்லிவிட முடியாது. தமிழாசிரியனுக்கும் அதிற் பங்குண்டு.

நம் பழைய இலக்கியம் மருந்தை அறியாததன்று. பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் கூட்டு மருந்துகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். ஐந்து வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாக ஆறு சரக்குகள் சேர்ந்தது ஏலாதி. ஒவ்வொரு பாட்டிலும் அத்தனை அறங்கள் கூறப்படுகின்றன. தனித்து நிற்பவை சேர்ந்தால் வலிமை பெறும் என்ற உண்மையைத் தமிழன் அன்றே அறிந்திருந்தான் என்பதற்கு இது சான்று. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இந்நூல்களில் மருந்து உவமையாகவே வருகிறது. மிளகு உடலில் என்ன செய்கிறது, அதனோடு சுக்கு ஏன் சேரவேண்டும் என்பன அங்குப் பேசப்படவில்லை. அவற்றைப் பேசிய வைத்திய நூல்களோ செய்யுளில் அமைந்து, பெரும்பாலும் பரம்பரை வைத்தியர்களின் ஏடுகளுக்குள் அடங்கிக் கிடந்தன. உடலைப் பாடிய நம் கேசாதிபாதமும் அவ்வாறே. கூந்தலை மேகம் என்றது, கண்ணைக் கயல் என்றது. தோலுக்கு உள்ளே அது செல்லவில்லை.

உள்ளே செல்லும் தமிழ் உரைநடையை யாழ்ப்பாணத்தில் வளர்த்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவில் பிறந்து 1847இல் இலங்கை வந்த இந்த மிஷன் வைத்தியர் மானிப்பாயில் வைத்தியம் செய்தார். மாணவர்க்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' எனப் பெருநூல்கள் அவராலும் அவர் மாணவராலும் தமிழில் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை இப்பணியை அவர் கைவிடவில்லை.

'அங்காதிபாதம்' என்ற பெயரைக் கேட்கும் தமிழ் மாணவனுக்குக் 'கேசாதிபாதம்' நினைவுக்கு வராமற் போகாது. ஆனால் இங்கே எலும்பு எலும்பாகவும் நரம்பு நரம்பாகவும் உடல் கூறுபடுகிறது. எது எதற்கு ஒப்பு என்ற வினா போய், எது என்ன தொழிலைச் செய்கிறது என்ற வினா வந்துவிடுகிறது. தமிழ் உரைநடை வரலாற்றில் இது சிறிய மாற்றமன்று. அவ்வரலாற்றை எழுதுவோர் நாவலரோடு நிறுத்திக்கொண்டு கிறீனை விட்டுவிடுவது பெருங்குறையாகும். 1967இல் கவிஞர் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' எழுதி இக்குறையை ஓரளவு போக்கினார்.

குறைகளையும் சொல்லவேண்டும். கிறீனின் தமிழ் வடசொற்கள் மலிந்தது. 'கெமிஸ்தம்' போன்ற ஆக்கங்கள் நிலைக்கவில்லை; இன்று நம் பிள்ளைகள் இரசாயனவியல் என்கின்றனர். மருத்துவத்தை மதமாற்றத்தின் வாயிலாகவும் அவர் கண்டார் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் தம் மாணவர் கிறித்தவராகலாமேயன்றி ஐரோப்பியராகிவிடக் கூடாது என்ற கொள்கையில் அவர் உறுதியாக நின்றார். கிராமத்து நோயாளியோடு அவன் மொழியிற் பேசும் வைத்தியனே அவருக்கு வேண்டியிருந்தான்.

அம்முயற்சி ஏன் தொடரவில்லை? தமிழுக்கு ஆற்றல் போதாமையால் என்று சொல்வோர் உளர். நான்கைந்து பெருநூல்களைத் தாங்கிய மொழிக்கு ஆற்றல் இல்லை என்பது பொருந்தாது. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலத்தைப் பின்பற்றியது; உத்தியோகத்தை நாடிய நம் மத்திய வர்க்கமும் அதனையே பின்பற்றியது. காரணம் சொல்லில் இல்லை, சம்பளத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் மூன்றாம் வினாவுக்கு விடை இதுவே. மருத்துவ பீடங்களில் இன்றும் போதனாமொழி ஆங்கிலமாகவே இருக்கிறது.

இனிக் கூட்டைப் பற்றி. ஆனையிறவில் விளையும் உப்பு அந்தப் பெண்ணின் வீட்டுச் சோற்றுக்கு வழி. வயிற்றோட்டத்திற்கு நம் வைத்தியசாலைகளில் தரும் 'ஜீவனி' உப்புக் கரைசலிலும் அவ்வுப்பே முதற்பொருள். 2002இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவின்படி ஒரு லீற்றர் நீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சித்திரேற்று. உப்பையும் சர்க்கரையையும் ஏன் கூட்டவேண்டும்? ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணியின் குடலை ஆராய்ந்த றொபேட் கிறேன், சர்க்கரை குடற்சுவரைக் கடக்கையில் சோடியத்தையும் உடன்கொண்டு செல்கிறது என்று 1960இல் பிராக் நகரில் எடுத்துக்காட்டினார். இரண்டும் உட்புகும்போது நீரும் தொடர்ந்து செல்கிறது. 1971இல் வங்காள அகதிகள் பொங்கான் முகாமில் வாந்திபேதியால் மடிந்தபோது வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலையே கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்கிற்குக் கீழே இறங்கியது. கூறுபோட்டு அறிந்த உண்மை இங்குக் கூட்டாகி ஏழையின் உயிரைக் காத்தது.

எல்லாக் கூட்டும் இத்தகையதன்று. மருந்துக் கம்பனிகள் காரணமின்றி இரண்டு மூன்று மருந்துகளை ஒரே குளிசையில் அடைத்து, புதுப்பெயர் சூட்டி, புதுவிலை வைக்கின்றன. இந்திய அரசு 2016 மார்ச்சில் இத்தகைய 344 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. கம்பனிகள் வழக்காடின. மறு ஆய்வின் பின் 2018 செப்டெம்பரில் 328 மருந்துகள் மீண்டும் தடைசெய்யப்பட்டன. நம் நாட்டில் இந்தப் பெயர் வியாபாரத்திற்கு எதிராக முன்னரே போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான அவர், வேண்டிய மருந்துகளைத் தெரிந்து, வணிகப் பெயரை விடுத்துப் பொதுப்பெயரில் வாங்கும் கொள்கையை வகுத்தார். கூட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் காட்டு என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. தனித்தனியே அறியாதவனால் அவ்வாறு கேட்க முடியாது.

இந்த அளவுகோலை வகுப்பறைக்கும் கொண்டுவரலாம். புள்ளிக்காகப் படத்தைப் பாடமாக்குபவனுக்குத் தேரையைக் கொல்வது வீண் கொலையே. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் வகுப்புகளில் பிராணிகளை அறுப்பதை விலக்கப் பணித்தது. மாதிரியுருவும் படச்சுருளும் இன்று கிடைக்கின்றன. நம் பாடசாலைகளும் அவ்வழி செல்வதில் தவறில்லை. அந்தப் பெண்ணின் இரக்கத்தைக் கோழைத்தனம் என்று எள்ளிய ஆசிரியர்கள் அக்கூற்றை மீட்டுக்கொள்ளவேண்டும். ஆனால் கத்தியோடு சேர்த்து, 'இது என்ன செய்கிறது?' என்ற வினாவையும் எறிந்துவிட்டால் நாம் மறுபடியும் உவமைக்கே திரும்பியவராவோம்.

நண்பர்களே, நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கிறீனின் நூல்களை நூலகங்களிற் தேடி எடுத்து மாணவர்க்குக் காட்டுவோம். ஜீவனிப் பொட்டலத்தில் உள்ள நான்கு பொருள்களும் குடலில் என்ன செய்கின்றன என்பதை உப்பளத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில், ஒரு பக்கத்தில், உயிரியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து எழுதுவோம். கத்தியைத் தொட மறுத்த பெண் அதன் முதற்படியைப் படித்து, எங்கே விளங்கவில்லை என்று கோடிட்டுத் தந்திருக்கிறாள். ஏழு இடங்கள். அவற்றைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.