குற்றமின்மையும் சால்பும்: திருக்குறள் காட்டும் நிறைமாந்தர்

ஆய்வுச் சுருக்கம்

திருக்குறளின் 99ஆம் அதிகாரமாகிய சான்றாண்மை, நிறைவுற்ற மனிதரைப் பற்றிய வரையறையாகப் பலராலும் எடுத்தாளப்படுகிறது. அந்நிறைவு குற்றமின்மையைக் குறிக்கிறதா, பிறரோடு கொள்ளும் உறவின் நிறைவைக் குறிக்கிறதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. குறள் 986 கூறும் 'கட்டளை' என்னும் சொல்லையும் அதற்குப் பரிமேலழகர் வகுத்த உரையையும் மையமாகக் கொண்டு, சால்பு தோல்வியில் அளக்கப்படும் பண்பு என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சால்பு, சான்றோர், கட்டளை, துலை, பரிமேலழகர், ஒழிபியல்.

முன்னுரை

1886இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் ஜி. யு. போப், சான்றாண்மை என்னும் தலைப்பைப் 'பெர்ஃபெக்ட்னெஸ்' என்று ஆங்கிலத்தில் தந்தார். செய்து முடிக்கப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த அச்சொல், குறையேதும் எஞ்சாத நிலையை உணர்த்துவது. தமிழ்ச்சொல்லின் வேரோ 'சால்' என்பது. நிறைதல், மிகுதல் என்பன அதன் பொருள். குறை நீங்குதலும் நிறைதலும் ஒன்றுபோல் தோன்றினும் வேறானவை. கறையற்ற கலம் வெறுங்கலமாகவும் இருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை நூல் எவ்வாறு பேணுகிறது என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

குற்றமின்மை பேசப்படும் இடம்

தன் குற்றத்தைக் களைதல் பற்றி வள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அது 44ஆம் அதிகாரமாகிய குற்றங்கடிதல். அரசியல் என்னும் இயலில் அமைந்தது. தன் குற்றத்தை நீக்கிய பின்னரே பிறர் குற்றம் காணும் தகுதி இறைவனாகிய அரசனுக்கு உண்டு என்கிறது குறள் 436. அங்குக் குற்றமின்மை ஆளும் தகுதிக்கு முன்நிபந்தனை.

அவ்வியலிலேயே உள்ள தெரிந்துதெளிதல் என்னும் 51ஆம் அதிகாரம், அரிய நூல்களைக் கற்று மாசற்றாராய் விளங்குவோரிடத்தும் அறியாமை முற்றும் இல்லாதிருத்தல் அரிது என ஒப்புக்கொள்கிறது (503). குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிக்கதைக் கொள்ளுமாறு அடுத்த குறள் அறிவுறுத்துகிறது (504). முற்றும் குற்றமற்ற மனிதரைத் தேடும் நோக்கம் வள்ளுவருக்கு இல்லை என்பது இதனால் பெறப்படும்.

சான்றாண்மை அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் தன் குற்றம் களைதல் பற்றிய பேச்சில்லை. தீமை என்னும் சொல் வருமிடத்தும் அது பிறர் தீமையே. அதனைச் சொல்லாதிருத்தலே சால்பாகிறது (984). அரசன் காணவேண்டிய பிறர் குற்றத்தைச் சான்றோர் வாயால் சொல்வதில்லை. சால்பைத் தாங்கும் தூண்களாகக் கூறப்படும் அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை ஆகிய ஐந்தும் (983) தனித்திருப்பவர் பயில இயலாதவை. நாணுக்கும் பிறர் பார்வை வேண்டும். வாய்மைக்கும் கேட்போர் வேண்டும். இவ்வதிகாரம் துறவறவியலில் இடம்பெறாமல், குடிமை, மானம், பெருமை ஆகியவற்றை அடுத்துப் பொருட்பாலின் ஒழிபியலில் நிற்பதும் இதனோடு பொருந்துகிறது.

இரு கட்டளைகள்

கட்டளை என்பது பொன்னின் மாற்றறியும் உரைகல். வள்ளுவர் இவ்வுருவகத்தை ஈரிடத்தில் ஆள்கிறார். குறள் 505இல் ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல். குறள் 986இல் சால்புக்கு உரைகல், தமக்கு ஒப்பல்லாதாரிடத்தும் தோல்வியை ஏற்றல். பெருமையைச் செயலால் அறியலாம். சால்பை அறியத் தோல்வி வேண்டும். 'துலை' என்பதும் நிறைகோலின் பெயராதலின், உரைத்தலும் நிறுத்தலும் ஒரே குறளில் இணைகின்றன. உரைகல்லில் சிறிது தேயாமல் பொன் தன் மாற்றைக் காட்டாது. சால்பும் இழப்பின்றித் தன்னைக் காட்டுவதில்லை.

இக்குறளுக்கு உரைகாணும் பரிமேலழகர், வெல்லும் ஆற்றல் உடையராயிருந்தே தோல்வியை ஏற்பதாகக் கொள்கிறார். குறளில் ஆற்றல் என்னும் சொல் இல்லை எனினும், முந்திய குறளில் (985) ஆற்றலுடையாரின் ஆற்றல் பணிதலே என்றிருப்பதால் இவ்விளக்கம் பொருந்தும். ஆயின் அத்தோல்வியால் அவரினும் உயர்தலைச் சால்பின் அளவாக அவர் மேலும் கூறுவது ஆய்வுக்குரியது. உயர்வதற்காக ஏற்கும் தோல்வி மற்றொரு வெற்றியாகிவிடும். நிறைகோலில் தம்மை வைத்துப் பார்க்கும் மனநிலையும் அங்கு நீங்குவதில்லை. சான்றாண்மை என்பதற்குப் பல குணங்களால் நிறைந்து அவற்றை ஆளும் தன்மை என அவர் தரும் விளக்கமும், சால்பை ஒருவரது உடைமையாகவே காண்கிறது. குறளோ சால்பின் பயனை, இன்னா செய்தார்க்கும் இனியவை செய்தலில் வைக்கிறது (987).

சொல்லின் பயணம்

பதிற்றுப்பத்தில் சான்றோர் என்னும் சொல் வீரரைக் குறித்து நிற்கிறது. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலில் (312) மகனைச் சான்றோனாக்குதல் தந்தையின் கடனாகவும், களிறெறிந்து மீளுதல் மகனின் கடனாகவும் அமைகின்றன. பிசிராந்தையார் பாடலில் (191) அச்சொல் அடங்கிய கொள்கையுடையோரைச் சுட்டுகிறது. இவ்விரு மரபுகளும் குறள் 985இல் சந்திக்கின்றன: பணிதலே சான்றோர் தம் பகைவரை மாற்றும் 'படை' எனப்படுகிறது. போர்க்களத்தின் சொல் எஞ்சியிருக்க, வெற்றி என்பதன் பொருள் மட்டும் மாறிவிடுகிறது.

தோல்வியை ஏற்கும் அறம் யாருக்குரியது என்னும் வினா இங்கு எழும். ஏற்கெனவே தோற்கடிக்கப்பட்டோரிடம் இதனைக் கூறினால் அது அடக்குமுறைக்குத் துணையாகும். பணிதலை வள்ளுவர் 'ஆற்றுவார்' மீதே சுமத்துகிறார் என்பது நினைக்கத்தக்கது. வறியவரைப் பற்றிக் கூறுமிடத்தில், சால்பு என்னும் திண்மை உண்டாயின் வறுமை இழிவாகாது என்கிறார் (988). வலியோர்க்குச் சால்பு பணிவாகவும் வறியோர்க்கு நிமிர்வாகவும் அமைகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாது 986ஆம் குறளைப் பொது அறிவுரையாக்குவது பிழைபட்ட வாசிப்பாகும்.

முடிவுரை

சான்றோரின் சான்றாண்மை குன்றினால் பெருநிலம் தன் சுமையைத் தாங்காது என்று அதிகாரம் நிறைவுறுகிறது (990). தமக்கென முயலாது பிறர்க்கென முயல்வோரால் இவ்வுலகம் நிலைபெறுகிறது என்னும் புறநானூற்றுக் (182) கருத்தோடு இது ஒத்துச் செல்கிறது. இக்குறளில் கவனிக்கத்தக்கது 'குன்றின்' என்னும் நிபந்தனை. குன்றக்கூடியதாகக் கருதப்படும் ஒன்று ஒருமுறை எய்தி முடித்துவிட்ட நிலையாக இருக்க இயலாது. வள்ளுவர் காட்டும் நிறைமாந்தர் குற்றம் கடந்து ஒதுங்கி நிற்பவரல்லர். தாம் ஆற்றல் உடையராகிய இடத்தில் எளியாரிடமும் தோற்க ஒருப்படுபவர். சால்பு என்னும் சொல்லுக்கு முழுமை, குறைவின்மை என நிகர்ச்சொல் தருவோர், உறவில் நாள்தோறும் காக்கப்படவேண்டிய இவ்விழப்பையும் அதன் பொருளுக்குள் கொள்ளுதல் தகும்.