கப்பலின் அளவை மட்டும் கேட்கும் கணக்கு

கடல் காப்பீட்டுத் துறை வருடந்தோறும் வெளியிடும் அறிக்கைகளை நாலைந்து சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். எல்லாவற்றிலும் "புதிதாக எழும் அபாயங்கள்" என்று ஒரு பகுதி இருக்கும். லித்தியம் பேட்டரி தீ, ராட்சதக் கண்டெய்னர் கப்பல்கள், சைபர் தாக்குதல், ஜி.பி.எஸ். குளறுபடி, செங்கடலில் ஹூதிகள், முறையான காப்பீடே இல்லாமல் ரஷ்ய எண்ணெய் சுமக்கும் "நிழல் கப்பல்கள்". பட்டியல் தப்பு இல்லை. 2022-ல் அசோரஸ் தீவுகள் பக்கம் சுமார் 4,000 கார்களோடு எரிந்து மூழ்கிய ஃபெலிசிட்டி ஏஸ் கப்பலை யாரும் மறக்க முடியாது.

எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. இந்த அறிக்கைகள் அபாயத்தைக் கப்பலுக்கு வெளியிலிருந்து வரும் ஒன்றாகவே பார்க்கின்றன. தொழில்நுட்பம் மாறுது, அரசியல் மாறுது, பருவநிலை மாறுது, நாங்க என்ன பண்றது என்கிற தொனி. இழப்பு வந்தபின் அதை யார் எவ்வளவு சுமப்பது என்று தீர்மானிக்கும் விதி மட்டும் மாறாமல் நிற்கிறது. அதைப் பற்றி அந்தப் பகுதியில் அநேகமாக ஒரு வரிகூட இருக்காது. என் கணிப்பில் இந்தத் துறையின் மிகப் பெரிய அபாயம் அந்த விதிதான்.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலை வைத்தே பார்ப்போம். சிங்கப்பூர் கொடி, 2021-ல்தான் கடலுக்கு வந்த புத்தம் புதுக் கப்பல். அதில் 1,486 கண்டெய்னர்கள், 25 டன் நைட்ரிக் அமிலம், சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள். பிளாஸ்டிக் மணி என்றால் பக்கெட், பாட்டில் எல்லாம் வார்ப்பதற்கு முந்தைய மூலப்பொருள், பருப்பு அளவில் இருக்கும். மே 11 வாக்கிலேயே ஒரு கண்டெய்னரிலிருந்து அமிலம் கசிவது தெரிந்துவிட்டது. அதை இறக்கித் தாருங்கள் என்று கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹஜீராவிலும் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் நடக்கவில்லை. மே 19 கொழும்புக்கு வெளியே நங்கூரம். மே 20 புகை. ஜூன் 2 கப்பலை ஆழ்கடலுக்கு இழுக்க முயன்றபோது பின்பகுதி தரை தட்டி மூழ்கத் தொடங்கியது. மேற்குக் கரை முழுக்க வெள்ளை மணிகள் மூட்டை மூட்டையாக ஒதுங்கின. செத்த ஆமைகள் கரை சேர்ந்தன. நீர்கொழும்பு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை.

இலங்கைத் தரப்பு நிபுணர்கள் இழப்பை 640 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். இந்த மாதிரி மதிப்பீடுகளில் ஆமைக்கு என்ன விலை, பவளப்பாறைக்கு என்ன விலை என்று ஊகங்கள் நிறைய இருக்கும், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 64 கோடி டாலர். லண்டன் அட்மிரால்டி நீதிமன்றம் 2023-ல் கப்பல் தரப்பின் பொறுப்புக்கு வைத்த உச்சவரம்பு சுமார் 1.9 கோடி பவுண்டு.

இந்த 1.9 கோடி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கடல்சார் கோரிக்கைகளுக்கான பொறுப்பு வரம்பு ஒப்பந்தம் என்று ஒன்று. 1976-ல் வந்தது, 1996-ல் திருத்தினார்கள், தொகைகள் 2015-ல் கடைசியாக உயர்ந்தன. அதில் பொருட்சேதத்துக்கான கணக்கு இது: முதல் 2,000 டன்னுக்கு மொத்தமாக 15.1 லட்சம் எஸ்.டி.ஆர். அதற்கு மேல் 30,000 வரை டன்னுக்கு 604. அடுத்து 70,000 வரை டன்னுக்கு 453. அதையும் தாண்டினால் 302. எஸ்.டி.ஆர். என்பது ஐ.எம்.எஃப்.-பின் கணக்கு அலகு, ஏறக்குறைய ஒரு பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்-பிரஸ் பேர்ல் சுமார் 31,600 டன். கணக்குப் போட்டால் 1.91 கோடி வருகிறது. நம்ம வருமான வரி ஸ்லாப் மாதிரிதான், ஆனால் தலைகீழ்: அங்கே மேலே போகப் போக விகிதம் ஏறும், இங்கே இறங்கும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எனக்கு இது ஒரு சின்ன ஃபங்ஷன். நாலு இஃப், ஒரு ரிட்டர்ன். அதற்கு ஒரே ஒரு இன்புட்: கப்பலின் டன். அந்த டன்னும் எடை கிடையாது. கிராஸ் டன்னேஜ் என்பது கப்பலின் மூடிய உட்பகுதியின் கன அளவைக் கொண்டு போடும் எண். உள்ளே என்ன ஏற்றியிருக்கிறது என்பது ஃபங்ஷனுக்குள் போவதே இல்லை. அரிசி மூட்டை ஏற்றினாலும் அதே 1.91 கோடி, நைட்ரிக் அமிலம் ஏற்றினாலும் அதே 1.91 கோடி.

சரக்கைக் கணக்கில் எடுக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. எண்ணெய்க் கப்பல்களுக்கு ஏற்கெனவே எடுக்கிறார்கள். 1967-ல் டோரி கேன்யன் டேங்கர் இங்கிலாந்துக் கரையோரம் பாறையில் மோதி எண்ணெயைக் கொட்டிய பிறகு, டேங்கர்களுக்கென்று தனி ஒப்பந்தம் வந்தது, எண்ணெய் வாங்கும் நிறுவனங்களே பணம் போடும் தனி நிதியும் வந்தது. கப்பல் உரிமையாளரின் வரம்பு போதாவிட்டால் அந்த நிதி சேர்ந்துகொள்ளும். ஒரு விபத்துக்கு மொத்தம் 20.3 கோடி எஸ்.டி.ஆர். வரை. இலங்கையும் அந்த நிதியில் உறுப்பு நாடு. ஆக, அதே நீர்கொழும்புக் கரையில் ஒரு டேங்கரின் கச்சா எண்ணெய் ஒதுங்கியிருந்தால் கிடைக்கக்கூடிய தொகை பத்து மடங்குக்கு மேல். ஒதுங்கியது பிளாஸ்டிக். அதனால் இல்லை.

ரசாயனங்களுக்கு இதே மாதிரி ஒரு ஒப்பந்தம் 1996-ல் எழுதி, 2010-ல் திருத்தி, பிறகு வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. அது நடைமுறையில் இருந்திருந்தாலும் இங்கே பாதிதான் உதவியிருக்கும். மூட்டையில் வரும் சரக்கு அபாயப் பொருள் பட்டியலில் இருந்தால்தான் அதற்குள் வரும், பிளாஸ்டிக் மணிகள் அந்தப் பட்டியலில் இல்லை. கரையில் ஒதுங்கியதிலேயே பெரிய குப்பை எதுவோ அதுவே வெளியே நிற்கிறது.

இனி அறிவு சம்பந்தப்பட்ட விஷயம். என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை நல்லெண்ணம். 1766-ல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பு சொன்ன கார்ட்டர் எதிர் போம் வழக்கிலிருந்து வருவது அது. (அந்த வழக்கே சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு கோட்டையைப் பற்றியது, கப்பலைப் பற்றியது இல்லை!) பாலிசி எடுப்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். 1906-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடல் காப்பீட்டுச் சட்டம் இன்னொரு படி மேலே போனது: தொழிலை வழக்கமாக நடத்தும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும். நம்முடைய 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த அச்சில் வார்த்ததுதான். "சார், எனக்குத் தெரியாது" என்று காப்பீட்டாளரிடம் சொல்லித் தப்ப முடியாது.

இப்போது பொறுப்பு வரம்பு ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவைப் பாருங்கள். வரம்பை உடைக்க வேண்டுமானால் சேதம் உரிமையாளரின் சொந்தச் செயலால் வந்திருக்க வேண்டும். அதையும் சேதம் விளைவிக்கும் நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சேதம் வரக்கூடும் என்று தெரிந்தே அசட்டையாகச் செய்திருக்க வேண்டும். இதை நிரூபிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று கடல்சட்டம் தெரிந்தவர்களே சொல்கிறார்கள்.

அதாவது ஒரே கம்பெனி, ஒரே கப்பல். காப்பீட்டாளர் கேட்டால் "உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்பது அளவுகோல். மீனவர் கேட்டால் "அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது என்று நீ நிரூபி" என்பது அளவுகோல். பணம் வைத்திருப்பவனுக்கு ஒரு சட்டம், வலை வைத்திருப்பவனுக்கு ஒரு சட்டம் என்று மேடைப்பேச்சாகச் சொல்ல வரவில்லை. இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு தேவைக்காக எழுதப்பட்டவை. ஆனால் சேர்த்து வைத்துப் பார்த்தால் விளைவு என்ன? கரையில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்துக்குக் கப்பலைப் பற்றிக் குறைவாகத் தெரிந்தால் லாபம்.

வரம்பு ஏன் வந்தது என்பதற்கு நியாயமான வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போனால் போனதுதான். கேப்டன் நடுக்கடலில் என்ன செய்கிறார் என்று லண்டனில் இருக்கும் முதலாளிக்கு மாதக்கணக்கில் தெரியாது. அவர் செய்யும் தப்புக்கு இவருடைய வீடு வாசல் எல்லாம் போகக்கூடாது, போனால் யாரும் கப்பலில் முதல் போட மாட்டார்கள். சரிதான். ஆனால் இன்று? என்ஜின் வெப்பநிலை சாட்டிலைட் வழியாகக் கரையிலிருக்கும் அலுவலகத் திரையில் ஓடுகிறது. பேர்ல் விஷயத்தில் இரண்டு துறைமுகங்களிடம் கண்டெய்னரை இறக்கக் கேட்டிருக்கிறார்கள் என்றால், கசிவு பற்றிக் கரையில் பேச்சு நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? கொழும்புக்கு அதை எப்போது, எவ்வளவு சொன்னார்கள் என்பதுதான் பிறகு நடந்த பெரிய சண்டை.

பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி இதற்கு இன்னொரு முகம். 2024 மார்ச் 26, ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலில் மின்சாரம் போனதற்குக் காரணம் ஒரே ஒரு தளர்ந்த ஒயர் என்று அமெரிக்க விசாரணை அமைப்பு 2025 நவம்பரில் சொன்னது. ஒயரில் ஒட்டிய பெயர்ச்சீட்டு சரியான இடத்தில் இல்லாததால் முனை முழுசாக உள்ளே போகவில்லையாம். செய்திகள் எல்லாம் அந்த ஒயரோடு நின்றுவிட்டன. எனக்கு இன்னொரு தகவல்தான் முக்கியமாகப் பட்டது. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் அனுப்ப, அந்த வேலைக்கு வடிவமைக்காத ஒரு சுத்திகரிப்பு பம்ப்பைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கரண்ட் போய் வந்தால் அது தானாக மறுபடி ஓடாது, யாராவது போய் ஆன் பண்ண வேண்டும். அதனால்தான் இரண்டாவது முறையும் மின்சாரம் போனது. புரொடக்‌ஷனில் "தற்காலிகமாக" போட்ட ஒட்டு வருடக்கணக்கில் ஓடுவதை எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரையிலிருந்து யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

டாலி உரிமையாளர்கள் 1851-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வரம்பு கேட்டார்கள். அங்கே கணக்கு டன் கிடையாது, விபத்துக்குப் பிறகு கப்பலின் மதிப்பும் அந்தப் பயணத்தின் கூலியும். 4.37 கோடி டாலர் வந்தது. அரசுக்கு ஆன செலவுக்காக அமெரிக்க நீதித்துறையோடு மட்டும் சுமார் 10.2 கோடி டாலருக்கு 2024 அக்டோபரில் சமரசம் செய்துகொண்டார்கள். புதுப் பாலத்துக்கு இப்போதைய மதிப்பீடு 400 கோடி டாலருக்கு மேல். டைட்டானிக் வழக்கிலும் இதே சட்டம்தான். அப்போது மிஞ்சியது உயிர்காப்புப் படகுகளும் கூலியும், ஒரு லட்சம் டாலர்கூடத் தேறவில்லை.

காப்பீட்டாளர் பக்கமும் சொல்ல வேண்டும். உலகக் கடல்கப்பல் கொள்ளளவில் சுமார் 90 விழுக்காட்டுக்குப் பொறுப்புக் காப்பீடு தருவது பி அண்ட் ஐ கிளப்புகள். அவை கப்பல் முதலாளிகளே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுகள். ஒரு கோரிக்கை 1 கோடி டாலரைத் தாண்டினால் கிளப்புகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும், அதற்கு மேல் மறுகாப்பீடு. நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி, ஆனால் ஏலம் எடுப்பவன் கப்பல் முங்கினவன். உச்சவரம்பு இல்லாவிட்டால் இந்த அமைப்பு விலை சொல்லவே திணறும், சின்னத் துறைமுகங்களுக்கு வரும் ஃபீடர் கப்பல்களுக்குத்தான் முதலில் பிரீமியம் ஏறும். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் அவை வருகின்றன. இந்த வாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. எக்ஸ்-பிரஸ் ஃபீடர்ஸ் தரப்பும் சிதைவை அகற்றுவது, சுத்தம் செய்வது, மீனவர் நிவாரணம் என்று 15 கோடி டாலருக்கு மேல் ஏற்கெனவே செலவழித்ததாகச் சொல்கிறது. வரம்பைத் தாண்டிய தொகைதான்.

ஆனால் இது வரம்பு இருக்க வேண்டும் என்பதற்கான வாதம். வரம்பை டன்னை வைத்து மட்டும் போட வேண்டும் என்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. அபாயச் சரக்குப் பட்டியல் ஒவ்வொரு கப்பலிலும் ஏற்கெனவே இருக்கிறது, துறைமுகத்துக்கு முன்கூட்டியே போகிறது. தரவு தயார். ஃபங்ஷனுக்கு இரண்டாவது இன்புட் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். "எழும் அபாயங்கள்" அறிக்கைகளே சரக்கின் உண்மைப் பெயரை மறைத்து அனுப்புவதுதான் கண்டெய்னர் தீக்கு முக்கியக் காரணம் என்று புலம்புகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வரம்புக் கணக்கே கேட்காதபோது மற்றவர்கள் மட்டும் ஏன் கவனமாகக் கேட்கப் போகிறார்கள்?

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பது இப்போதே தெரிய ஆரம்பித்துவிட்டது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம், லண்டன் வரம்பு பக்கமே போகாமல், 100 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. கப்பல் தரப்பு கொடுக்க முடியாது என்று பகிரங்கமாகவே மறுத்துவிட்டது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு எண் சொல்கிறது, இன்னொரு நாட்டின் நீதிமன்றம் அதில் நாற்பதில் ஒரு பங்கு சொல்கிறது. இந்த இடைவெளிக்கு எந்த ஆக்சுவரி பிரீமியம் போடுவார்? சைபர் தாக்குதலை விட இது கணிக்கக் கஷ்டமான அபாயம்.

கேரளாவிலும் ஆரம்பித்துவிட்டது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. 640 கண்டெய்னர்கள், சிலவற்றில் கால்சியம் கார்பைடு, மறுபடியும் பிளாஸ்டிக் மணிகள். கன்னியாகுமரி மாவட்டக் கரைகள் வரை வந்து சேர்ந்தன. இரண்டே வாரத்தில் வான் ஹாய் 503 தீப்பிடித்தது. எல்சாவுக்காகக் கேரள அரசு கேட்பது 9,531 கோடி ரூபாய். உயர் நீதிமன்றம் அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்துவைத்து, சுமார் 1,227 கோடிக்குப் பிணை கேட்டது. இந்தியாவும் 1996 ஒப்பந்தத்தில் இருக்கும் நாடு, அதனால் இங்கேயும் டன் கணக்கு வரும். அந்த வழக்கின் உத்தரவுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் தனியாக எழுதுகிறேன்.